தோற்றவர்களுக்கும் பண்டிதர் உண்டு

"சரித்திரத்தை அலசிவிட்டேன். மூத்த ராஜ்யம் விழும், நம்மைப்போல் இளையது எழும். படை எடுங்கள், இனி உலகமே நம் கையில்!" என்றார் ஆஸ்தான பண்டிதர் அனந்தநாராயணர்.

அரசனுக்குச் சாமரம் வீசிய காத்தாயிக்குக் கை நின்றுவிட்டது. அவள் பிள்ளைகள் இருவரும் படையில் இருந்தார்கள்.

"என்னடி, சந்தேகமா? உளறினால் தலை போகும்," என்று அரசன் சீறினான்.

காத்தாயி பண்டிதரைப் பார்த்துக் கேட்டாள்: "சாமி, தோத்த ராசாக்களுக்கும் பண்டிதர் இருந்தாங்களா?"

"இருந்தார்கள்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வெற்றி என்றுதான்..." பண்டிதரின் குரல் இறங்கியது.

அரசன் அவரை உற்றுப் பார்த்தான். "படைக்கு முன்னே நீர் நடக்கிறீரா?"

"மகாராஜா, சரித்திரத்தை இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேனே!"

சபை சிரித்தது, போர் நின்றது. காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த பண்டிதர் எப்போது வருவாரோ?