வெயில் தின்ன மான்கறி

முன்னொரு காலத்துல கருவேலங்கோட்டைன்னு ஒரு சீமை. அதை ஆண்ட செண்பகராஜாவுக்குக் கோபம் இன்னைக்கு வரும், யோசனை நாளைக்கு வரும்.

ஒருநாள் ராஜா வேட்டையில ஒரு மானை அடிச்சார். உப்புக்கண்டம் போடச் சொல்லி, அரண்மனைச் சமையக்காரி பேச்சாயிகிட்ட கறியைக் கொடுத்தாங்க. அவளும் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவி, மொட்டைமாடியில கயிறு கட்டிக் காயவெச்சா.

காஞ்ச கறியைக் கிடங்கு அதிகாரி சாத்தப்பன் தராசுல போட்டான். கொடுத்த எடையில பாதிகூட இல்ல. பேச்சாயி வேலையைத் தன் மச்சினிக்கு வாங்கிக் கொடுக்க ரொம்ப நாளா காத்திருந்தவன் அவன். கறியை அப்படியே சபைக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்.

"மிச்சக்கறி எங்கடி?"ன்னார் ராஜா.

"வெயில்ல வத்திப்போச்சு மகாராஜா."

"வெயிலுக்குப் பல்லு இருக்கா மகாராஜா? இவதான் தின்னிருக்கா!"ன்னான் சாத்தப்பன்.

"ரெண்டு கையையும் வெட்டுங்க!"ன்னு ராஜா கத்த, வாள்காரன் முன்னால வந்தான்.

சபை ஆடிப்போச்சு. கறிக்குக் கையா! பேச்சாயிக்கு அழுகைகூட வரல. தன் கையையே பாத்துக்கிட்டு நின்னா.

மந்திரி குமரேசர் எழுந்தார். "வெட்டுறதை நாளைக்கு வெச்சுக்கலாம் மகாராஜா, கை எங்கயும் ஓடிடாது. காலையில புதுக்கறி காயட்டும். சாத்தப்பரே காவல் இருக்கட்டும்."

"காவல்காரனே தின்னுட்டா?"ன்னார் ராஜா.

"அவரையும் நிறுத்துப் பாத்துடுவோம். தின்னா எடை கூடிடும்ல?"

மறுநாள் கறியை நிறுத்தாங்க, சாத்தப்பனையும் நிறுத்தாங்க. "பச்சத்தண்ணிக்குக்கூட நகரக்கூடாது"ன்னுட்டார் மந்திரி. சித்திரை வெயில். சாயங்காலம் மறுபடி தராசு. கறி பாதியாயிருந்துச்சு. காலையில வெச்ச அதே எடைக்கல்லுக்கு எதிரா சாத்தப்பன் ஏறினா, அவன் தட்டு மேல போகுது!

ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துட்டார். "கறியும் குறைஞ்சிருக்கு, நீயும் குறைஞ்சிருக்கே! உன்னை யாருய்யா தின்னது?"

நாக்கு ஒட்டிப்போய் சாத்தப்பன் சொன்னான்: "வெயிலு... வெயிலுதான் உறிஞ்சிருச்சு மகாராஜா."

"பல்லு இருந்துச்சா?"ன்னார் மந்திரி.

யாரும் சிரிக்கல. வாள்காரன் இன்னும் ஓரமா நின்னுக்கிட்டிருந்தான். அவனைப் பாத்ததும் ராஜாவுக்கு வேர்த்துடுச்சு. "நேத்தே வெட்டியிருந்தா..."ன்னு இழுத்தார். தன் கையில இருந்த தங்கக்காப்பைக் கழட்டிப் பேச்சாயி கையில போட்டார்.

"இனிமே என் கோபமும் ஒருநாள் மொட்டைமாடியில காயட்டும் மந்திரி. மிஞ்சுறதைப் பாத்துத் தீர்ப்பு சொல்றேன்."

சாத்தப்பனுக்குக் கிடங்கு போச்சு. மாடியில காக்கா ஓட்டுற வேலை கிடைச்சுது. முதல் நாளே பேச்சாயி சொன்னாளாம்:

"ஐயா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க நிழல் கறி மேல விழுது."