வீட்டுக்கு வந்த வவ்வால் ஆட்டம்

"டீச்சர், எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்கும் பிடிக்கலை" என்றாள் வடிவு.

வடிவுக்கு நாற்பத்தெட்டு வயது. அவளுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்த ஜெபமணிக்கு முப்பது. சிஷ்யை 'டீச்சர்' என்பாள், குரு 'அக்கா' என்பாள். கலிகாலம், என்ன செய்வது!

விளையாட்டுக் கூடத்தில் காசு போட்டு ஆடும் ஆளுயர வீடியோ கேம் பெட்டியில் ஓடும் வவ்வால் ஆட்டத்தை, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றி எழுதுவது வடிவின் வேலை. ஒன்றரை வருடம் ஓடாய்த் தேய்ந்திருந்தாள்.

முதல் தடவை ஆடிப் பார்த்த கம்பெனிக்காரர்கள், "இது அது இல்லை" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டாம் தடவையும் அதே பேச்சு. இன்னொரு தடவை அப்படிச் சொன்னால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"நிறம் மாறிப்போச்சா?"

"அச்சு அசல்."

"சத்தம்?"

"அதுவும்தான். வவ்வாலுக்கு எத்தனை பல்லுன்னு கேளுங்க, சொல்றேன்."

ஜெபமணி கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்கக்கா" என்றாள்.

கூடத்தில் வடிவைப் பழைய பெட்டி முன்னால் நிறுத்தி, அவள் முதுகில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"ஆடுங்க."

"கை எதுக்கு டீச்சர்?"

"ஆடுங்கக்கா."

வடிவு ஆடினாள். ஆறாவது கட்டம் வரை போய்த் தோற்றாள்.

திரும்பி வந்ததும், அவளே எழுதிய ஆட்டத்தின் முன்னால் அவளை உட்கார வைத்தாள் ஜெபமணி. மறுபடியும் முதுகில் கை.

இரண்டாவது கட்டத்திலேயே கதை முடிந்தது. வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜெபமணி கையை எடுத்தாள்.

"அங்க ஆடுறப்ப பதினோரு தடவை நல்லா மூச்சு விட்டீங்க. இங்க தோத்த பிறகுதான் விட்டீங்க."

"அப்படியா?"

"அங்க எப்பெப்ப விட்டீங்க?"

வடிவு கண்ணை மூடி யோசித்தாள்.

"வவ்வால் மொத்தமா வந்து மொய்க்கிறப்ப. அத்தனையும் அந்தப் பெட்டிக்குத் தாங்காது டீச்சர். திணறிப்போய் ஆட்டமே மெதுவா ஓடும். கோளாறுதானே அது? நம்ம ஆட்டத்துல அது கிடையாது. மூணு மாசம் மல்லுக்கட்டி நான்தான் அதைச் சரிபண்ணி..."

அந்தக் கோளாறைத் திரும்பவும் எழுதிச் சேர்க்க, வடிவு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.