நூலுக்கு நிற்காத மலை

முன்னொரு காலத்தில் கருங்கல்நாட்டை வேழவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் மனதில் ஒன்று தோன்றிவிட்டால், சோறு ஆறுவதற்குள் அது நடந்தாக வேண்டும். அவருடைய தலைநகரம் உறங்காமலையின் தெற்கு அடிவாரத்தில் இருந்தது.

ஒரு வருடம் பஞ்சம் பிழைக்க அறுபது நெசவாளர் குடும்பங்கள் வந்து சத்திரத்தில் அடைந்தன. ஊருக்குள் வீடு கட்ட இடமில்லை. மலையில் இடம் உண்டு. ஆனால் மலையடியில் ஓடும் வாய்க்காலைத் தாண்டி மேலே வீடு கூடாது என்பது பழைய நகர விதி. அமைச்சர் ஆராவமுதர் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கட்டட வேலைகளைப் பார்த்தவர் திருமேனியார். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாகக் கண். "மன்னா, விதி என்பது எவனோ கிழித்த கோடு. தங்கள் செங்கோல் அதைத் தாண்டக் கூடாதா?" என்றார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மரங்களை வெட்டிச் சரிவைச் செதுக்கி, முதலில் பன்னிரண்டு வீடுகள் எழுப்பினார்கள்.

குடியேறுவதற்கு முன் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கித் தெற்கே வழிந்தது. தெற்கு எமன் திசை. ஒரு வீட்டில் அப்படி ஆனால் விட்டுத்தள்ளலாம். பன்னிரண்டு வீட்டிலும் தெற்கேதான் வழிந்தது. அப்புறம் கதவுகள். தாழ் போடாத கதவெல்லாம் பட்டப்பகலில், யாரோ உள்ளே வருகிறமாதிரி மெள்ளத் திறந்துகொண்டன. தரைக்கடியில் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். எனக்குச் சொல்லும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

ஆராவமுதர் மலையேறிப் போய்க் கொத்தனாரைக் கேட்டார். "போன மாசம் தண்ணி ஊத்தி மட்டம் பாத்துத்தான் தரை போட்டேனுங்க. இப்ப ஊத்தினா தெக்கால ஓடுது," என்றான் அவன்.

"இங்கே குடிவராதீர்கள்," என்றார் அமைச்சர், பால் காய்ச்சிய பெண்களிடம். சீரங்காயி என்ற நெசவுக்காரி முன்னால் வந்தாள்.

"ஐயா, ஒங்களுக்கு மூணு கட்டு வீடு இருக்குது. நான் அஞ்சு புள்ளைங்களோட சத்திரத்து மூலையில கெடக்குறேன். பேய் வீடானாலும் கூரை இருந்தாப் போதும். வேண்டாம்னு சொல்றது சுலபம். எங்க போறதுன்னு சொல்லுங்க."

ஆராவமுதர் மலையின் கிழக்குப் பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கினார்.

மறுநாள் சபையில் திருமேனியார் முந்திக்கொண்டார். "பேயுமில்லை, பிசாசுமில்லை மன்னா. அமைச்சர்தான் ஆள் வைத்துக் கதவைத் திறக்கிறார்."

"பேய் இல்லை என்பது சரி," என்றார் ஆராவமுதர். "ஆனால் மலையில் ஒன்று நடமாடுகிறது. பத்து நாள் கொடுங்கள், காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால்?" என்று கேட்டார் ராஜா.

"முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டைவிட்டே போகிறேன்."

"அதைத் திருமேனியார் போட்டுக்கொள்வார். அறுபது குடும்பமும் மலையேறும்," என்றார் ராஜா. திருமேனியார் தம் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அமைச்சர் வீடுகளுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக ஒன்பது முளைகளை நூல் பிடித்து நேராக அடித்தார். முனை முளைகள் இரண்டும் பாறையில், மற்றவை மண்ணில். நூலை இழுத்துக் கட்டி ராஜமுத்திரை வைத்தார். காவலுக்குத் திருமேனியாரின் ஆட்களையே கேட்டு வாங்கினார். பிறகு மலையின் கிழக்கே ஒரு பாறைத் திட்டிலும் அதேபோல ஒரு வரிசை அடித்துவிட்டு இறங்கினார்.

மழை பிடித்தது. பத்தாம் நாள் உச்சிவேளையில், மூடுபனி கலையத் தொடங்கியபோது, ராஜா பரிவாரத்தோடு மேலே போனார். நூல் அறுந்து கிடந்தது. முனை முளைகள் இருந்த இடத்தில் இருந்தன. நடுவில் இருந்த ஏழும் வில்லாக வளைந்து தெற்கே இறங்கி நின்றன. முளைகளைச் சுற்றிச் சேற்றில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"யார் பிடுங்கி நட்டது?" என்றார் ராஜா.

"யாரும் தொடல மகாராசா," என்றான் காவல்காரன். "பாத்துக்கிட்டேதான் இருந்தோம். பாக்கறப்ப அசையல. மறுநாள் பாத்தாத் தள்ளி நிக்குது."

"முளை நகரவில்லை மன்னா," என்றார் ஆராவமுதர். "அது நிற்கிற மண் நகர்கிறது. பிடித்துவைத்திருந்த மரங்களை வெட்டிவிட்டோம். இப்போது நாம் நிற்பதும் அதன் முதுகில்தான்."

ராஜா ஒரு காலைத் தூக்கினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"நகர்ந்தது ஒரு முழம்தானே," என்று சிரிக்கப் பார்த்தார் திருமேனியார். "ஒன்றும் ஆகாது."

"அப்படியானால் மழை விடும்வரை முதல் வீட்டில் குடும்பத்தோடு தங்குங்கள். மோதிரத்தை இப்போதே தருகிறேன்." அமைச்சர் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

திருமேனியார் மோதிரத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு தானாகத் திறந்தது.

"என் மனைவிக்கு... மலைக்காற்று ஆகாது."

"நெசவாளர் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகுமோ?" என்றார் ராஜா.

அமைச்சர் எல்லோரையும் கிழக்கே பாறைத் திட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே நூல் கட்டியது கட்டியபடி விறைப்பாக இருந்தது. ராஜா அங்கேயே ஆணையிட்டார்: மலையில் எவர் வீடு கட்டினாலும், அரசனே ஆனாலும், முதலில் ஒரு மழைக்காலம் நூல் கட்டிப் பார்க்க வேண்டும். நூல் நின்றால் வீடு, வளைந்தால் மரம். பாறைத் திட்டில் வீடுகள் எழும்வரை அறுபது குடும்பமும் திருமேனியாரின் மாளிகையில் இருக்கும். வருடாவருடம் வெறுங்காலோடு மலையேறி நூல் கட்டுவது திருமேனியார் வேலை. தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார் ராஜா. அமைச்சர் அதோடு நேரே, அந்த வீடுகளுக்குக் கீழே இருந்த அடிவாரத் தெருவுக்குப் போய் ஆட்களை வெளியேற்றினார்.

அன்றிலிருந்து எட்டாம் நாள் மலை இறங்கியது. இடி முழக்கம் எதுவும் இல்லை, பெருமூச்சு மாதிரி ஒரு ஓசைதான். பன்னிரண்டு வீடும் வரிசை கலையாமல், கதவுகள் திறந்தபடி நடந்து வந்தன. பிறகு ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

சீரங்காயி ஐந்து பிள்ளைகளையும் இறுக அணைத்துக்கொண்டு அமைச்சரிடம் வந்தாள். "ஒங்களப் போயி வஞ்சேனே சாமி," என்று அழுதாள்.

"நல்லதுதான் செய்தாய் அம்மா," என்றார் ஆராவமுதர். "அதுவரைக்கும் எனக்கு வேண்டாம் என்று சொல்ல மட்டும்தான் தெரியும். எங்கே போவது என்று நீ கேட்ட பிறகுதான் பாறையைத் தேடிப் போனேன்."