ஓட்டை என்று சொல்லக் கூடாத கார்

சித்திரை வெயிலில் ரைஸ்மில் முதலாளி ரத்தினசபாபதியின் புதுக் காரில் ஏசி குளிரவே இல்லை. நிறைமாத மகளை மறுநாள் அழைத்து வர வேண்டும்.

"கேஸ் கசியுதுங்கய்யா. எங்கயோ ஓட்டை," என்றார் டிரைவர் வேலாண்டி.

"என் கார்லயா? இன்னொரு தடவை ஓட்டைன்னு எவன் சொன்னாலும் அவனுக்கு இந்த மில்லுல வேலை கிடையாது! ஆனா நாளைக்கு ஏசி குளிரணும்."

வேலாண்டி சோப்புத் தண்ணீர் கலக்கி, காரின் முன்பக்க ஏசி குழாய்களில் தெளித்தார்.

"எங்க நுரைக்குதுன்னு நீங்களே பாருங்கய்யா."

முதலாளி குனிந்தார். ஓரிடத்தில் மட்டும் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது.

"அட, இங்கதான்யா ஓட்டை!" என்று கத்தினார். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்ட அவரே முறுக்கிவிட்ட கம்பி அங்கே குத்திக்கொண்டிருந்தது.

அசடு வழிந்தார். "அப்ப வேலையை விட்டுப் போக வேண்டியது நான்தானா?"

"நீங்க போயிட்டா நான் யாருக்குங்கய்யா வண்டி ஓட்டுறது?"

அன்றே ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்து கேஸ் நிரப்பினார்கள். மறுநாள் மகள் வந்திறங்கி, "வழியெல்லாம் நல்லாத் தூங்கினேம்பா," என்றாள்.

முதலாளி கண்கலங்கிப்போய், புது எலுமிச்சம்பழத்தை வேலாண்டியின் கையில் வைத்தார்.

"இனிமே நீயே கட்டுய்யா. நூல்ல கட்டு."