உச்சியில் ஆடிய கொட்டைகள்

அமெரிக்காவின் மேற்கு மலைச்சரிவில் ஒரு பழைய ஓக் மரம் இருந்தது. அதன் உடம்பெல்லாம் மரங்கொத்திகள் போட்ட ஓட்டைகள். ஓட்டைக்கு ஒன்றாக ஓக் கொட்டையை அடித்துச் செருகி வைப்பார்கள். குளிர்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு.

தான் இருந்த மரம் தீயில் போய்விட, கொத்தாயி என்ற மரங்கொத்தி அங்கே வந்து இடம் கேட்டாள்.

தலைவர் செம்முடியார் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்தார். மரங்கொத்தி எல்லாருக்குமே அங்கே உச்சந்தலை சிவப்புதான். தன்னுடையது மட்டும் கொஞ்சம் கூடுதல் சிவப்பு என்பது அவர் நம்பிக்கை.

"இங்கே யாரும் பிறப்பைக் கேட்க மாட்டோம் அம்மா. உழைத்தால் உயரலாம். முதல் பனி விழும்போது கொட்டை வைத்திருப்பவர் இருக்கலாம். இல்லாதவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றார்.

"உச்சியில் சில ஓட்டை காலியாக இருக்கிறதே ஐயா?"

"அது எங்கள் பரம்பரை ஓட்டை. நீ அடியிலிருந்து தொடங்கு. நாங்களும் சொந்த மூக்கால் உயர்ந்தவர்கள்தான்."

அந்த ஓட்டைகளைப் போட்டது அவருடைய தாத்தாவின் தாத்தா. செம்முடியார் பிறந்ததே உச்சியில். ஒரு ஓட்டைகூட அவர் போட்டதில்லை.

கொத்தாயி வாதாடவில்லை. வாதாடினால் வயிறு நிறையாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பெரிதும் சிறிதுமாக ஓட்டைகள் போட்டுக் கொட்டைகளைச் செருகினாள்.

கொட்டை காயக் காயச் சுருங்கும். சுருங்கினால் ஆடும். ஆடினால் விழும். அதனால் தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஆடுவதை எடுத்துச் சின்ன ஓட்டைக்கு மாற்றினாள்.

உச்சியிலும் கொட்டைகள் ஆடின. காற்றடித்தால் கடகடவென்று சத்தம். செம்முடியார் வீட்டில் அதைச் செல்வத்தின் சத்தம் என்றார்கள். சின்ன ஓட்டைக்கு மாற்றுங்கள் என்று கொத்தாயி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சின்ன ஓட்டையெல்லாம் கீழேதான் இருந்தது.

"உச்சிக் கொட்டை அடிமரத்துக்கு வருவதா? ஊர் சிரிக்கும்" என்றார் செம்முடியார்.

ஊர் சிரிக்கவில்லை. மொட்டைவால் அணில்தான் சிரித்தது. மரத்தடியிலேயே குடியேறி, விழுந்ததையெல்லாம் தின்று, கழுத்தே தெரியாமல் கொழுத்துவிட்டது. பெரிய இடத்துக் கொட்டைக்கு ருசியே தனி என்று கொத்தாயியிடம் பீற்றிக்கொண்டது.

முதல் பனி விழுந்தது. உச்சியில் ஒரு கொட்டைகூட இல்லை.

செம்முடியார் குஞ்சுகளோடு இறங்கி வந்தார். தலையில் பனி மூடியிருந்ததால் சிவப்பே தெரியவில்லை. சட்டம் போட்டது அவர்தானே. "கிளம்புகிறோம்" என்றார்.

போகட்டும் என்றுதான் கொத்தாயிக்கு முதலில் தோன்றியது. குஞ்சுகள் நடுங்குவதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

"பனியில் எங்கே போவீர்கள்? வந்து சாப்பிடுங்கள். நாளைக்கு ஓட்டை போட வேண்டும். நீங்களும்தான்."

"எனக்குப் போடத் தெரியாதே அம்மா."

அவர் அந்த மரத்தில் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"மூக்கு இருக்கிறதல்லவா? வாருங்கள்."

மறுநாள் அரை நாள் கொத்தி, செம்முடியார் ஒரு ஓட்டை போட்டார். கோணல்தான். ஆனால் அதில் செருகிய கொட்டை ஆடவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி அதைத் தட்டித் தட்டிக் காட்டினார். கொத்தாயியும் அலுக்காமல் நான்கு தடவை பார்த்தாள்.

உயரமான கிளையில் பிறப்பது அதிர்ஷ்டம்; அதைத் தன் திறமை என்று நம்புகிறவனுக்குக் கொட்டை மிஞ்சாது.