கொல்லை வாசலில் நின்ற அங்காயி

ஜமீன்தார் ஆற்றின் குறுக்கே அணை கட்டியிருந்தார். புதுவெள்ளத்தில் மீன்கள் மேலேறிப் போக அதில் ஒரு திறப்பு இருந்தது. அதையும் அடைக்க அவருக்கு ஆசை. அடைத்தால் மேலூருக்கு மீனே கிடையாது.

"திறப்பில் பறி வைத்துச் சோதித்துவிட்டேன்," என்றார். "மேலே போகிற மீன் ஒன்றுகூடச் சிக்கவில்லை."

மேலூர் மீன்காரி அங்காயி எட்டிப் பார்த்தாள். அந்த மூங்கில் கூட்டின் வாய், தண்ணீர் வரும் மேற்புறம் பார்த்திருந்தது. கீழிருந்து வரும் மீன் அதற்குள் நுழைய வழியில்லை.

"பறியைத் திருப்பி வையுங்க, சாமி."

"நான் வைத்ததை யாரும் தொடக் கூடாது. வைத்தது தப்பென்றால் தொடாமல் நாளைக்குள் நிரூபி. இல்லாவிட்டால் அடைப்புதான்."

மறுநாள் ஜமீன்தார் மகனுக்குக் கல்யாணம். பந்தி முடிந்ததும் அங்காயி வந்து நின்றாள்.

"வருத்தமா இருக்கு, சாமி. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தருமே வரலையே!"

"ஊரே வந்து சாப்பிட்டது! எங்கே நின்று பார்த்தாய்?"

"கொல்லை வாசல்ல. எல்லாரும் கை கழுவிட்டு வெளியேதான் போனாங்க. உள்ளே வந்தவங்க யாருமில்லை."

"போகிற வழியைப் பார்த்து நின்றால் வருகிறவன் எப்படித் தெரிவான்? வருகிற பக்கம் திரும்பி நிற்க வேண்டாமா?"

"அதைத்தான் நேத்து பறிக்கும் சொன்னேன், சாமி."

"எந்தப் பறி?" என்றார் சம்பந்தி. அங்காயி சொன்னாள். பந்தலே சிரித்தது.

அன்று மாலையே பறியைத் திருப்பி வைத்தார்கள். விடிந்ததும் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. திறப்பு தப்பியது.

விடைபெறும்போது சம்பந்தி ஜமீன்தாரிடம் பணிவாகக் கேட்டார்: "நான் எந்த வாசல் வழியாகப் போகட்டும்?"