கரடிக் குகையில் ஆயிரம் சுவடிகள்

ரொம்ப காலத்துக்கு முன்னால், மலைகளுக்குப் பெயர்கூட வைக்காத நாளில், மருதவேலி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மூத்த இளவரசி பூங்கோதை, மந்திரவாதி கரிமுகனின் தாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். உடனே அவளை மயிலாக்கிவிட்டான் அவன்.

“அவளை மீட்கும் சொல் மலைமொழியில் இருக்கிறது. கரடிக் குகையில், ஆயிரம் சுவடிகளில் ஏதோ ஒன்றில்! கார்த்திகைக்குள் சொல்லாவிட்டால் கடைசிவரை மயில்தான்!” என்று சொல்லி மறைந்தான்.

தங்கை நப்பின்னைக்கோ மலைமொழி என்றாலே கசப்பு. முதல் ஆசிரியர் எழுத்துகளைப் புகட்டினார். இரண்டாமவர் இலக்கணத்தை ஒப்பிக்கச் சொன்னார். மூன்றாமவர் பிரம்பை எடுத்தார்; அவள் அதைப் பிடுங்கி முறித்துப் போட்டாள். ஆனாலும் அக்காவுக்காக மலையேறினாள்.

குகை வாசலில் ஒரு கரடி. “மந்திரம் எந்தச் சுவடியில், கரடியாரே?”

“யாருக்குத் தெரியும்? எனக்குப் படிக்கவே வராது. வாய்விட்டுப் படி, நானும் கேட்கிறேன். பிடித்ததை எடு, பிடிக்காததை வை, புரியாததைத் தாண்டு!”

முதல் சுவடியில் மருந்துப் பட்டியல். வைத்துவிட்டாள். இரண்டாவதில் அரசர் புகழ். அதையும் வைத்தாள். மூன்றாவதில் ஒரு பூசணித் திருடன் கொடிக்குள் ஒளிந்திருந்தான். பாதிச் சொல் புரியவில்லை. ‘ஒளூ’ என்று ஏதோ ஒன்று அவனை மோப்பம் பிடித்தது, வாலாட்டியது, குரைத்தது.

“அட, நாய்!” என்று கத்தினாள் நப்பின்னை.

“அப்புறம்?” என்றது கரடி.

அப்புறம் என்னவென்று அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது! ஒன்று முடிந்தால் இன்னொன்று. அது முடிந்தால் மற்றொன்று. சாப்பாடு மறந்தது, பயம் மறந்தது. சில நாள் மந்திரமே மறந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் சுவடியில், காகமாகிப்போன கணவனிடம் ஒருத்தி சாதாரணமாக, “வா, பசிக்கிறதா?” என்று கேட்டாள். மறுவரியில் காகம் மனிதனாகி நின்றது. மந்திரம்போலவே இல்லாத மந்திரம்! கதையை ஊன்றிப் படிக்காதவர் கண்ணில் அது படவே படாது.

நப்பின்னை மலையிறங்கி ஓடினாள். கார்த்திகைக்கு ஒரே நாள்தான் பாக்கி. தோட்டத்து மயிலின் கழுத்தைத் தடவி, மலைமொழியில் அதே சொற்களைச் சொன்னாள்.

இறகெல்லாம் உதிர்ந்தது. “ரொம்பப் பசிக்கிறதடி!” என்று பூங்கோதை அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த நொடியே கரிமுகனின் மந்திரமெல்லாம் அவனைவிட்டுப் போயிற்று.

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நப்பின்னையிடம், “என்ன வேண்டும், மகளே, கேள்!” என்றார்.

“ஒரு மாதம் விடுப்பு, அப்பா. கப்பலேறிய இடையனின் கதை பாதியில் நிற்கிறது. கரடி வேறு காத்திருக்கும்.”

“எந்த இடையன்? ஏன் கப்பலேறினான்?” என்று கேட்டுக்கொண்டே பூங்கோதையும் செருப்பை மாட்டினாள்.